மூன்று கோள்கள் சேர்ந்து இழுத்தால் விளையுள் விசை: கூட்டிப் பார்த்தேன், விடை பிழைக்கிறது

மஸ்கெலியா_பனி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரம், கணிதப் பிரிவு. எங்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த சேர் போன தவணை மாற்றலாகிப் போனார், அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை, அதனால் ஈர்ப்புப் புலம் அலகை நானும் இரண்டு தோழிகளும் ஒரு அக்காவின் பழைய கொப்பியை வைத்துத்தான் படித்துக்கொண்டு வருகிறோம். கொப்பியில் சூத்திரம் இருக்கிறது: இரண்டு கோள்களின் திணிவுகளைப் பெருக்கி, இடையில் உள்ள தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஈர்ப்பு மாறிலியால் பெருக்கினால் விசை. இரண்டு கோள் என்றால் எங்களுக்குக் கணக்கு சரியாக வருகிறது. மூன்றாவது கோள் வந்தவுடன் தப்பிப்போகிறது.

கேள்வி இது. அ என்ற கோளின் திணிவு 4 × 10²⁴ கிகி. அதற்கு நேர் கிழக்கே 2 × 10⁸ மீற்றர் தூரத்தில் ஆ என்ற கோள், திணிவு 6 × 10²⁴ கிகி. அ இலிருந்து நேர் வடக்கே அதே 2 × 10⁸ மீற்றர் தூரத்தில் இ என்ற கோள், திணிவு 8 × 10²⁴ கிகி. ஆ, இ இரண்டும் சேர்ந்து அ மீது உஞற்றும் விளையுள் விசை எவ்வளவு?

நான் ஆ இழுக்கும் விசையைக் கண்டேன், 4.00 × 10²² நியூட்டன். இ இழுப்பது 5.34 × 10²² நியூட்டன். கூட்டினால் 9.34 × 10²². விடைத்தாளில் 6.67 × 10²² என்று போட்டிருக்கிறது. பரீட்சைக்குக் கல்குலேட்டர் விடமாட்டார்கள் என்பதால் எல்லாம் கையால்தான் செய்கிறேன், மூன்று தடவை திரும்பச் செய்தும் அதே 9.34தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போனில் ஒரு வீடியோ சுற்றுகிறது, எல்லாக் கோள்களும் ஒரே வரிசையில் வந்தால் அவற்றின் இழுவை ஒன்றாகச் சேர்ந்து பூமியை ஆட்டும், மலைகள் சரியும் என்று. அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் அப்பாயி இரவில் சரியாகத் தூங்குவதில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்மேடு, மழை வந்தாலே அவர் எழுந்து இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுவார். கணக்குப் போட்டு அவரிடம் காட்டலாமா என்று பார்த்தேன், ஆனால் மூன்று கோளுக்கே என்னால் முடியவில்லை. யாராவது சொல்லித்தருவீர்களா?

கொத்மலை_ஓடை எழுதியது:

நான் போன வருடம் எழுதினேன், அதனால் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆ, இ இரண்டையும் ஒரே கோளாக எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தத் திணிவு 14 × 10²⁴. இரண்டுக்கும் இடையில் திணிவு மையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அ வரைக்கும் உள்ள தூரத்தைச் சூத்திரத்தில் போட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும். நான் இப்போது போட்டுப் பார்த்தேன், தூரத்தின் வர்க்கம் 2.04 × 10¹⁶, விசை 1.83 × 10²³ நியூட்டன் வருகிறது. விடைத்தாளோடு ஒத்துவரவில்லை. விடைத்தாளில் அச்சுப் பிழையாக இருக்கலாம்.

டிக்கோயா_மாணவி எழுதியது:

தங்கச்சி, விடைத்தாள் சரி. உன் பெருக்கலும் சரி, 4.00, 5.34 இரண்டும் சரியான எண்கள். கடைசிக் கோட்டில் கூட்டும் இடத்தில் மட்டும்தான் பிழை.

அம்மா மடுவத்தில் கொழுந்து நிறுப்பதைப் பார்த்திருப்பாய். காலையில் 6 கிலோ, பகலில் 8 கிலோ என்றால் துண்டில் 14 என்று எழுதுவார்கள். எந்த மலையில் பறித்தது, எந்தப் பக்கம் பார்த்து நின்று பறித்தது என்று தராசு கேட்பதில்லை. திணிவு எண்ணிக் கணியம், அதைக் கூட்டினால் போதும். விசை காவிக் கணியம். அதற்கு அளவு பாதி, திசை பாதி.

தோட்டத்துக் கோயில் தேர் வளைவில் திரும்புவதை நினைத்துப் பார். நேர் ரோட்டில் இரண்டு வடத்தையும் ஒரே பக்கமாக இழுக்கிறார்கள், எல்லார் பலமும் அப்படியே கூடுகிறது. வளைவு வந்ததும் ஒரு வடத்துக்காரர் மலைப்பக்கம் ஒதுங்குவார்கள், மற்ற வடம் முன்னாலேயே நிற்கும். தேர் அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் போகாது, இரண்டுக்கும் நடுவில் ஒரு திசையைப் பிடித்து நகரும். ஒரு ஆள்கூடக் குறையவில்லை, ஆனாலும் தேருக்குக் கிடைக்கும் இழுவை குறைந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு வடத்தின் இழுவையிலும் ஒரு பகுதி மற்ற வடத்தைப் பக்கவாட்டில் எதிர்ப்பதிலேயே செலவாகிறது. இறக்கத்தில் தேருக்குப் பின்னால் கயிறு பிடித்துக்கொண்டு வரும் அண்ணன்மாரும் இழுக்கத்தான் செய்கிறார்கள், அவர்கள் இழுப்பதைக் கழிக்க வேண்டும். கோள்களும் இதேதான். அ என்பது தேர், ஆ ஒரு வடம், இ ஒரு வடம்.

இப்போது கணக்கு. முதலில் படம் கீறு. அ இலிருந்து ஆ இருக்கும் பக்கம் ஒரு அம்புக்குறி, இ இருக்கும் பக்கம் ஒரு அம்புக்குறி. ஈர்ப்பு விசை எப்போதும் இழுக்கும், தள்ளாது, அதனால் அம்புக்குறி எப்போதும் மற்றக் கோளை நோக்கித்தான். படம் கீறாமல் இந்தக் கணக்கில் கைவைக்காதே, எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும்.

அடுத்தது, ஈர்ப்பு மாறிலி பெரிய ஜியை உடனே 6.67 × 10⁻¹¹ என்று போட்டுப் பெருக்கத் தொடங்காதே. அதை அப்படியே வெளியே வைத்துவிடு. ஆ தரும் விசையில் திணிவுகள் 4, 6, தூரத்தின் வர்க்கம் 4, ஆக 4 × 6 ÷ 4 = 6. இ தருவதில் 4 × 8 ÷ 4 = 8. அடுக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்: 24 + 24 − 16 = 32. இப்போது உன்னிடம் இருப்பது கிழக்கே 6, வடக்கே 8, இரண்டுக்கும் இடையில் செங்கோணம். 6, 8 என்றதும் பைதகரஸ் உனக்கு 10 என்று சொல்லிவிடும். கடைசியில் ஒரே ஒரு பெருக்கல்: 10 × 10³² × 6.67 × 10⁻¹¹ = 6.67 × 10²² நியூட்டன். நீ 4.00, 5.34 என்று தசமமாக மாற்றியபோது இந்த 6, 8 கண்ணுக்கு மறைந்துபோயிற்று. பொதுவானதைக் கடைசி வரைக்கும் வெளியே வைத்தால் கணக்கு என்ன சொல்கிறது என்று தெரியும், கையும் நோகாது.

திசையையும் சொல்ல வேண்டும். தான்சன் = 8 ÷ 6, கோணம் 53°. அதாவது கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக 53°. திணிவு கூடிய இ பக்கம் அதிகம் சாய்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

செங்கோணம் இல்லாவிட்டால் பைதகரஸ் ஓடாது. அப்போது ஒவ்வொரு விசையையும் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் துணித்து, கிடைகளைத் தனியே, நிலைக்குத்துகளைத் தனியே குறியோடு கூட்டி, கடைசியில் அந்த இரண்டு எண்களுக்கும் பைதகரஸ் போடு. மூன்று சம கோள்கள் சமபக்க முக்கோணியின் உச்சிகளில் இருந்தால், ஒன்றின் மீது மற்ற இரண்டும் தரும் விசைகளுக்கு இடையே 60°, விளையுள் ஒரு விசையின் √3 மடங்கு, திசை முக்கோணியின் மையத்தை நோக்கி. இதை நீயே துணித்துச் செய்து பார். பத்துக் கோள் வந்தாலும் வேலை இதேதான், அட்டவணை மட்டும் நீளும்.

கொத்மலை தம்பி, உதவி செய்ய வந்ததற்கு நன்றி, ஆனால் அந்த வழி பிழை. பெரிய வகுப்புகளில்கூட இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரே திணிவுள்ள இரண்டு கோள்கள், உன்னிடமிருந்து ஒரே பக்கத்தில், ஒன்று 1 தூரத்தில், மற்றது 3 தூரத்தில். தனித்தனியே செய்தால் 1 + 1/9 = 1.11. நீ சொன்னபடி இரண்டையும் திணிவு மையத்தில், அதாவது 2 தூரத்தில் வைத்தால் 2 ÷ 4 = 0.5. பாதிக்கும் குறைவு! தூரம் வர்க்கமாகக் கீழே இருப்பதால் கிட்ட இருக்கிற கோள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது, நடுவில் கொண்டுபோய் வைத்ததும் அந்தப் பலம் காணாமல் போய்விடுகிறது.

கொத்மலை_ஓடை எழுதியது:

அக்கா, இப்போது விளங்கிவிட்டது. தங்கச்சி, பிழையாகச் சொன்னதற்கு மன்னிக்கவும், அதை நீங்கள் கொப்பியில் எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது. கோள் என்பதும் கோடிக்கணக்கான கல்லும் மண்ணும்தானே? அதை மட்டும் எப்படி மையத்தில் ஒரு புள்ளியாக எடுக்கிறோம்?

டிக்கோயா_மாணவி எழுதியது:

நல்ல கேள்வி. உருண்டையான பொருளுக்கு மட்டும் அந்தச் சலுகை இருக்கிறது. திணிவு மையத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமச்சீராகப் பரவியிருந்தால், வெளியில் நிற்கும் ஒருவருக்கு முழுத் திணிவும் மையத்தில் இருப்பதுபோலவே இழுவை வரும். கிட்ட இருக்கும் மண்ணின் கூடுதல் இழுவையும் தூர இருக்கும் மண்ணின் குறைந்த இழுவையும் கூட்டிப் பார்த்தால் சரியாக அந்த விடையிலேயே வந்து நிற்கும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இதை நிறுவியிருக்கிறார். தனித்தனியே விலகி நிற்கிற இரண்டு கோள்கள் உருண்டை அல்லவே, அதனால் அங்கே அது செல்லாது.

தூக்குநூல்_பண்டாரவளை எழுதியது:

மகள், அப்பாயி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நில அளவை வேலையாக இந்த மலைகளில் வருடக்கணக்கில் ஏறி இறங்கியவன் நான். அவருடைய பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள், மண்மேட்டுக்குக் கீழே படுக்கிறவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் பயப்பட வேண்டியது கோளுக்கு அல்ல.

முதலில் எண்களைப் பாருங்கள். சூரியன் பூமியை இழுப்பது 3.54 × 10²² நியூட்டன். நிலவு இழுப்பது 1.98 × 10²⁰. வியாழன் நமக்கு ஆகக் கிட்ட வரும்போது, அதாவது சுமார் 6.3 × 10¹¹ மீற்றரில், அது இழுப்பது 1.9 × 10¹⁸. வெள்ளி ஆகக் கிட்ட வரும்போது 1.1 × 10¹⁸. சனி 1.4 × 10¹⁷. செவ்வாய், புதன் இவற்றைவிடவும் குறைவு. யுரேனசும் நெப்டியூனும் இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. இவ்வளவு பெரிய வியாழனின் இழுவை நிலவின் இழுவையில் நூறில் ஒரு பங்குதான்.

இப்போது டிக்கோயா மகள் சொன்ன அம்புக்குறிப் படத்தைக் கீறுங்கள். சூரியனுக்கு ஒரே பக்கத்தில் எல்லாக் கோள்களும் வரிசையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புதனும் வெள்ளியும் சூரியனுக்கும் நமக்கும் இடையில் இருக்கும். செவ்வாய், வியாழன், சனி எல்லாம் நமக்கு மறுபக்கம். ஆக வெள்ளி சூரியன் பக்கம் இழுக்கும்போது வியாழன் வெளிப்பக்கம் இழுக்கும். வீடியோக்காரர் சொல்வதுபோல ஒன்றாகச் சேர்வதற்குப் பதிலாக ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும்! வெளிப்பக்கம் ஏறக்குறைய 2.1, உள்பக்கம் ஏறக்குறைய 1.15, மிச்சம் சுமார் 1 × 10¹⁸ நியூட்டன். நிலவு ஒவ்வொரு நாளும் இழுப்பதில் இருநூறில் ஒரு பங்கு. மூன்று கோள் கணக்கில் நீங்கள் செய்த அதே பிழையைத்தான் அந்த வீடியோவும் செய்கிறது, திசையைப் பார்க்காமல் கூட்டுகிறது.

அதோடு பூமியை நெளிக்கிறது முழு இழுவை அல்ல. பூமியின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இழுப்பதில் இருக்கும் வித்தியாசம்தான் கடலை ஏற்றி இறக்குகிறது. அந்த வித்தியாசம் தூரத்தின் மூன்றாம் அடுக்கோடு குறையும். அதனால்தான் சூரியன் நிலவைவிட ஏறத்தாழ 180 மடங்கு பலமாக நம்மை இழுத்தாலும், வற்றுப்பெருக்கில் நிலவின் பங்கு சூரியனின் பங்கைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கில் வெள்ளியின் பங்கு நிலவின் பங்கில் 10,000இல் ஒன்றுகூட வராது. வியாழன் அதற்கும் எவ்வளவோ கீழே.

இப்படிப் பயப்படுத்தியது இது முதல் தடவையும் இல்லை. 1974இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வந்தது, 1982இல் கோள்கள் சூரியனின் ஒரு பக்கத்தில் கூடும்போது கலிபோர்னியாவில் பெரிய பூமியதிர்ச்சி வரும் என்று. 1982 வந்தது, கோள்கள் கூடின, அவர்கள் சொன்ன அதிர்ச்சி வரவில்லை.

மண்சரிவு மழையால் வருகிறது மகள். நீர் மண்ணுக்குள் இறங்கி, மண் கனத்து, துணிக்கைகளுக்கு இடையில் இருக்கும் பிடிப்பு விட்டுப்போகும்போது சரிவு கீழே இறங்கும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்ததும் அடைமழைக்குப் பிறகுதான், அந்தக் காலை நேரத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அப்பாயிக்கு வானத்தைக் காட்டுவதைவிட மழையைக் கவனிக்கச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. மேட்டில் புதிதாக வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்வது, ஊற்று திடீரென்று கலங்கி வருவது, ஓடிய ஊற்று நின்றுபோவது, இதில் எது தெரிந்தாலும் சாமானைப் பார்க்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுங்கள். மழை இரவில் அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை இல்லை.

விளையுள் விசையைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என் தொழிலில் உள்ள விஷயம் என்பதால் சொல்கிறேன். மேசன் சுவருக்குப் பிடிக்கும் தூக்குநூலைப் பார்த்திருப்பீர்கள். குண்டைப் பூமி கீழே இழுக்கிறது. பக்கத்தில் ஒரு மலை இருந்தால் அதுவும் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. நூல் நிற்பது இந்த இரண்டும் சேர்ந்த விளையுளின் திசையில். 1774இல் மஸ்கலின் என்ற வானியலாளர் ஸ்கொட்லாந்தில் சிஹாலியன் என்ற மலையின் வடக்கிலும் தெற்கிலும் நூலைத் தொங்கவிட்டு, நட்சத்திரங்களை வைத்து அளந்தார். இரு பக்கமும் சேர்த்து 11.6 விகலை சாய்வு வந்தது, ஒரு பாகையின் 300இல் ஒரு பங்கைப் போல. அந்தச் சாய்விலிருந்துதான் பூமியின் அடர்த்தியை முதன்முதலாக மதிப்பிட்டார்கள். சிவனொளிபாதமலை அடிவாரத்தில் நீங்கள் ஒரு நூலைப் பிடித்தாலும் அந்த மலை அதை இழுக்கத்தான் செய்யும், நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு.

மஸ்கெலியா_பனி எழுதியது:

அக்கா, ஐயா, அண்ணா மூன்று பேருக்கும் நன்றி. 6, 8, 10 வந்ததும் நாங்கள் மூன்று பேரும் கத்திவிட்டோம், அம்மா என்ன நடந்தது என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அப்பாயிக்கும் படம் கீறிக் காட்டினேன். வியாழன் ஒரு பக்கம், வெள்ளி ஒரு பக்கம், நடுவில் நாம் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப தேர்ல பின்னுக்கு கயிறு புடிக்கிற மாதிரியா" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த கேள்வியைச் செய்து பார்த்தேன். மூன்று கோள்களும் ஒரே நேர்கோட்டில், ஒவ்வொன்றும் 5 × 10²⁴ கிகி. அ, ஆ இடையே 1 × 10⁸ மீற்றர், ஆ, இ இடையே 2 × 10⁸ மீற்றர். அ மீது விளையுள் கேட்கிறார்கள். ஆ தருவது 25 ÷ 1 = 25. இ தருவதற்கு 1² + 2² = 5, ஆகவே 25 ÷ 5 = 5. இரண்டும் ஒரே பக்கம், கூட்டினால் 30. அடுக்கு 32. பெரிய ஜியோடு பெருக்கினால் 2.00 × 10²³. ஆனால் விடை 1.85 × 10²³. இந்தத் தடவை திசையைக்கூடப் பார்த்தேன் அக்கா. நடுவில் ஆ நிற்பதால் இ இன் இழுவை மறைக்கப்படுகிறதா? அதனால்தான் குறைகிறதா?

டிக்கோயா_மாணவி எழுதியது:

மறைக்காது தங்கச்சி. வெளிச்சத்துக்கு நிழல் உண்டு, ஈர்ப்புக்கு நிழல் இல்லை. நடுவில் எத்தனை கோள் நின்றாலும் இ, அ ஐ இழுப்பது நடுவில் யாருமே இல்லாதபோது இழுப்பதைப் போலவேதான். ஒவ்வொரு சோடியையும் மற்றவர்கள் இல்லாததுபோல நினைத்துத் தனியே கணிக்கலாம் என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

திசையைச் சரியாகப் பார்த்திருக்கிறாய். பிழை தூரத்தில். அ இலிருந்து இ வரைக்கும் 1 + 2 = 3. முதலில் கூட்டு, பிறகு வர்க்கம்: 9. நீ முதலில் வர்க்கம் எடுத்துப் பிறகு கூட்டினாய். 25 ÷ 9 = 2.78, மொத்தம் 27.78, பெருக்கினால் 1.85 × 10²³.

இதைச் சரிபார்க்க ஒரு வழி சொல்லித்தருகிறேன், எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தபோது பெரிய சந்தோஷமாக இருந்தது. கேள்வியில் அ மட்டும் கேட்டாலும் மற்ற இரண்டையும் செய். வலப்பக்கத்தை நேர்க்குறியாக எடு. அ மீது +27.78. நடுவில் ஆ மீது இடப்பக்கம் 25, வலப்பக்கம் 25 ÷ 4 = 6.25, ஆக −18.75. இ மீது இரண்டுமே இடப்பக்கம், 2.78 + 6.25, ஆக −9.03. மூன்றையும் கூட்டு: 27.78 − 18.75 − 9.03. பூச்சியம்! ஒவ்வொரு இழுவைக்கும் சமமான எதிர் இழுவை மறுபக்கத்தில் இருப்பதால் எல்லாக் கோள்களையும் சேர்த்துப் பார்த்தால் எப்போதும் பூச்சியம்தான் வரவேண்டும். வராவிட்டால் எங்கேயோ பிழை விட்டிருக்கிறாய் என்று விடைத்தாளைப் பார்க்காமலே தெரிந்துவிடும். செங்கோணக் கணக்கிலும் செய்யலாம், கிடைகளைத் தனியே, நிலைக்குத்துகளைத் தனியே. சேர் இல்லாமல் படிக்கிற உங்கள் மூன்று பேருக்கும் இது மிகவும் உதவும்.

கொத்மலை_ஓடை எழுதியது:

இந்தச் சரிபார்ப்பு எனக்கும் புதிது அக்கா. பூமிக்கும் நிலவுக்கும் இடையில் விளையுள் பூச்சியமாகும் இடம் எது என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும், அதையும் இங்கே போட்டுவிடுகிறேன், இந்தத் தடவை நன்றாகப் பார்த்துவிட்டேன். பூமியின் திணிவு நிலவைப்போல் 81 மடங்கு. தூரத்தின் வர்க்கம் என்பதால் √81 = 9, ஆகவே தூரங்கள் 9க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 384,000 கிலோமீற்றரில் பத்தில் ஒன்பது பங்கு, பூமியிலிருந்து சுமார் 346,000 கிலோமீற்றர். ஆனால் இதைச் செய்தபோது ஒன்று பார்த்தேன். சூரியன் நிலவை இழுப்பது 4.36 × 10²⁰, பூமி நிலவை இழுப்பது 1.98 × 10²⁰. இரண்டு மடங்குக்கு மேல்! அப்படியானால் நிலவு ஏன் சூரியனிடம் போய்விடவில்லை?

டிக்கோயா_மாணவி எழுதியது:

346,000 சரி, சூரியனை விட்டுவிட்டுப் பூமியையும் நிலவையும் மட்டும் பார்த்தால். நிலவு போய்க்கொண்டுதான் இருக்கிறது தம்பி, பூமியும் கூடவே போகிறது. சூரியன் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஆர்முடுகலைத் தருகிறது, செக்கன் வர்க்கத்துக்கு 0.0059 மீற்றர். கூடவே விழும் இரண்டு பேருக்கு இடையில் அந்தப் பெரிய இழுவை தெரிவதில்லை, பூமி கொடுக்கும் 0.0027தான் நிலவைச் சுற்ற வைக்கிறது. ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க பஸ்ஸின் வேகம் தடையில்லையே.

சின்ன விசை என்று எதையும் தள்ளிவிடவும் வேண்டாம். 1781இல் கண்டுபிடித்த யுரேனஸ், சூரியனையும் தெரிந்த கோள்களையும் சேர்த்துக் கணித்த விளையுள் விசைப்படி நகரவில்லை. கொஞ்சம் விலகியது. லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்த விலகலை வைத்து, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் எங்கே நின்று இழுக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார். பெர்லினில் காலே என்ற வானியலாளர் 1846 செப்டெம்பர் 23 இரவு தொலைநோக்கியைத் திருப்பினார், சொன்ன இடத்திலிருந்து 1° தூரத்துக்குள் நெப்டியூன் இருந்தது. தங்கச்சி கீறிய அதே அம்புக்குறிகள்தான், ஒன்று குறைகிறதே என்று தேடினார்கள்.

தங்கச்சி, உனக்கு ஒரு கணக்கு. நான்கு சம கோள்கள் ஒரு சதுரத்தின் நான்கு மூலையில். பக்கத்து மூலைக் கோள் ஒன்று இழுப்பதை வி என்று வைத்துக்கொள். ஒரு மூலையில் இருக்கும் கோள் மீது விளையுள் எவ்வளவு வி?

மஸ்கெலியா_பனி எழுதியது:

செய்துவிட்டேன் அக்கா. பக்கத்துக் கோள்கள் இரண்டும் செங்கோணத்தில், ஆகவே √2 வி, மூலைவிட்டம் வழியே. எதிர்மூலைக் கோள் √2 மடங்கு தூரம், வர்க்கம் 2, ஆகவே 0.5 வி, அதுவும் மூலைவிட்டம் வழியே. இரண்டும் ஒரே திசை என்பதால் நேராகக் கூட்டலாம். 1.41 + 0.5 = 1.91 வி. மற்ற மூன்று மூலைகளையும் செய்து கூட்டிப் பார்த்தேன், பூச்சியம் வருகிறது.

டிக்கோயா_மாணவி எழுதியது:

மிகச் சரி. எண்ணோடு நிறுத்திவிட்டாயே, திசை எங்கே? பரீட்சையில் அதற்குப் புள்ளி உண்டு.

மஸ்கெலியா_பனி எழுதியது:

மூலைவிட்டம் வழியே, சதுரத்தின் மையத்தை நோக்கி. கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டேன் அக்கா.